25 ரூபாய் குமாஸ்தா கட்டிய சினிமா மாளிகை

மாதச் சம்பளம் 25 ரூபாய். வாங்கிய பொருளின் விலை 2,250 ரூபாய்!

ஒரு காசு கூடச் செலவு செய்யாமல் 90 மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்தால்தான் அந்தப் பணம் வரும். அதாவது ஏழரை ஆண்டுச் சம்பளம். அவ்வளவு பணத்தையும் போட்டு அவர் நிலம் வாங்கவில்லை. நகை வாங்கவில்லை. வீடு வாங்கவில்லை. ஒரு பெட்டியை வாங்கினார். கைப்பிடியைச் சுற்றினால் சுவரிலே மனிதர்கள் நடமாடும் அதிசயப் பெட்டி அது!

நடந்த ஆண்டு 1905. நடந்த இடம் திருச்சி. வாங்கியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். தென்னிந்திய ரெயில்வேயில் வரைபடப் பிரிவுக் குமாஸ்தா. வயது 22.

அப்போது பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் எல்லாம் திருச்சி ஜில்லாவில் அடங்கியிருந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1995-ல்தான். அரியலூர் தனி மாவட்டமாக நிலைத்தது 2007-ல். ஆகவே இது நமது பழைய ஜில்லாவின் தலைநகரில் தொடங்கிய கதை. அது போய்ச் சேர்ந்த இடம் கோயம்புத்தூர். அங்கே அந்தக் குமாஸ்தா கட்டிய சினிமா மாளிகை நூறு ஆண்டுகளைத் தாண்டி நின்றது. பிறகு ஒரு நாள் மண்ணோடு மண்ணாகப் போயிற்று.

அந்தக் கட்டிடத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

நோயில் விழுந்த பிரெஞ்சுக்காரர்

சினிமா பிறந்தது பிரான்ஸ் தேசத்தில். 1895-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி, பாரிஸ் நகரில், லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வசூலித்து முதன்முதலாகப் படம் காட்டினார்கள். ஏழு மாதத்துக்குள் அந்த அதிசயம் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்து விட்டது. 1896 ஜூலை 7-ந் தேதி பம்பாயில் வாட்சன் ஓட்டலில் படம் காட்டப்பட்டது. பிறகு சென்னைக்கும் வந்தது.

அந்த நாளில் படம் காட்டியவர்கள் எல்லோரும் ஊர் சுற்றிகள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஓர் ஊரில் சில நாள் காட்டுவார்கள். கூட்டம் குறைந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டு விடுவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர். ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம் அவரிடம் இருந்தது. வேறு சில சிறு படங்களும் இருந்தன. திருச்சிக்கு வந்த இடத்தில் அவருக்கு உடல்நலம் கெட்டது. "போதும், ஊருக்குத் திரும்பி விடுவோம்" என்று முடிவு செய்தார். கருவியையும் படங்களையும் விற்றுவிட நினைத்தார்.

யார் வாங்குவார்கள்? பணக்காரர்களுக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தெரிந்திருக்கலாம். ஏழைகளுக்கு எட்டாத விலை. வாங்க முன்வந்தவர் ரெயில்வே குமாஸ்தா வின்சென்ட்!

கையில் இருந்த வேலை நிரந்தரமான வேலை. அந்தக் காலத்தில் ரெயில்வே உத்தியோகம் என்றால் சும்மாவா? அதை உதறினார். ஊர் சுற்றும் படக்காட்சித் தொழிலில் இறங்கினார். படிப்பும் உத்தியோகமும் இருந்த ஒரு தமிழர் இப்படிச் செய்தது அன்றைக்குப் பெரிய துணிச்சல்.

கைப்பிடியைச் சுற்றினால் படம்!

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்தது?

படச்சுருளில் ஏராளமான சிறு சிறு படங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் அசையாத படம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சிறிதளவுதான் வித்தியாசம். ஒரு விநாடிக்குச் சுமார் 16 படங்கள் வீதம் விளக்கின் முன்னால் ஓடவிட்டால், அவற்றைக் கண்ணால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. மூளை அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடும். நிற்கிற குதிரை ஓடுகிற குதிரையாகிவிடும். இவ்வளவுதான் சினிமாவின் ரகசியம்!

ஆனால் இதற்குப் பலமான வெளிச்சம் வேண்டும். அந்நாளில் நம் ஊர்களில் மின்சாரம் ஏது? சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் சுட வைப்பார்கள். அது கண்ணைப் பறிக்கும்படி பிரகாசிக்கும். அந்த ஒளியில்தான் பல இடங்களில் படம் காட்டினார்கள். கைப்பிடியை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் படத்தில் உள்ளவர்கள் ஓடுவார்கள். மெதுவாகச் சுற்றினால் தள்ளாடுவார்கள். ஆபரேட்டரின் கை ஓய்ந்தால் கதாநாயகனும் ஓய்ந்து போவான்!

இன்னொரு ஆபத்தும் இருந்தது. அந்தக் காலத்துப் படச்சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். பிடித்தால் அணைப்பது கடினம். ஒரு பக்கம் கொதிக்கிற விளக்கு. மறுபக்கம் வெடிமருந்து போன்ற படச்சுருள். சுற்றிலும் துணிக் கூடாரம். அதற்குள்ளே நூற்றுக்கணக்கான ஜனங்கள். படம் காட்டுகிறவர் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றினார் என்றே சொல்ல வேண்டும்.

திருச்சியிலிருந்து பெஷாவர் வரை

வின்சென்ட் திருச்சியோடு நிற்கவில்லை. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ரெயில் ஏறினார். லக்னோ, லாகூர், பெஷாவர் என்று வடக்கே வெகுதூரம் போனார். பாஷை தெரியாத ஊர்கள். ஆனால் அந்தப் படங்களுக்குப் பாஷையே கிடையாதே! ஊமைப்படம் எந்த ஊரிலும் செல்லுபடியாகும் காசு.

1909-ல் அவர் சென்னைக்கு வந்து எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் அடித்தார். 'எடிசன் கிராண்ட் சினிமா மெகாபோன்' என்று அதற்குப் பெயர். படத்தோடு கிராமபோன் இசையையும் சேர்த்துக் கேட்கச் செய்யும் ஏற்பாடு அதில் இருந்தது. பேசும் படம் வருவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே இந்த முயற்சி!

கூடாரத் தொழிலில் லாபமும் உண்டு, கஷ்டமும் உண்டு. மழை வந்தால் காட்சி இல்லை. காற்றடித்தால் துணி கிழியும். பகலில் வெளிச்சம் உள்ளே புகும் என்பதால் இருட்டிய பிறகுதான் படம். ஓர் ஊரில் நல்ல பெயர் எடுப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

"நாம் ஜனங்களைத் தேடிப் போவதை நிறுத்த வேண்டும். ஜனங்கள் நம்மைத் தேடி வரவேண்டும்!" அதற்கு ஒரே வழிதான் இருந்தது. கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆன ஒரு கட்டிடம்.

1914: வெரைட்டி ஹால்

வின்சென்ட்டின் சொந்த ஊர் கோயம்புத்தூர். 1914-ம் ஆண்டு அங்கே நிரந்தரமான சினிமாக் கட்டிடத்தை எழுப்பினார். 'வெரைட்டி ஹால்' என்று பெயர் வைத்தார். பலவகைக் காட்சிகள் நடக்கும் மண்டபம் என்பது அதன் பொருள்.

சென்னை ராஜதானியின் முதல் சினிமாத் தியேட்டர் எது என்ற போட்டி உண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-ல் ஒரு வெள்ளைக்காரர் 'எலெக்ட்ரிக் தியேட்டர்' கட்டினார். 1914-ல் புகைப்படக்காரர் ரகுபதி வெங்கையா, சென்னையில் 'கெயிட்டி' தியேட்டரைத் தொடங்கினார். அதே 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால். யார் முந்தி, யார் பிந்தி என்பதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தலைநகருக்கு வெளியே, ஜில்லா நகரம் ஒன்றில், நம்மவர் ஒருவர் சொந்த முயற்சியில் சினிமாவுக்கென்று நிரந்தர வீடு கட்டிக் கொடுத்தார். தென்னிந்தியாவின் மிகப் பழைய சினிமாத் தியேட்டர்களில் ஒன்று என்ற பெயர் அதற்குக் கடைசிவரை இருந்தது.

அது எவ்வளவு பெரிய மாறுதல் என்பதை யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்பு ஊரார் ஒன்றுகூட வேண்டும் என்றால் கோயில் திருவிழா வரவேண்டும். சந்தை கூட வேண்டும். தெருக்கூத்து நடக்க வேண்டும். எல்லாம் நாள் பார்த்து வருபவை. இப்போதோ தினந்தோறும் திருவிழா! மழை பெய்தாலும் உண்டு, காற்றடித்தாலும் உண்டு.

இன்னொன்றும் நடந்தது. டிக்கெட் வாங்கியவர் யாராக இருந்தாலும் உள்ளே விட்டாக வேண்டும். பெஞ்சுக்கும் நாற்காலிக்கும் கட்டணம் வேறு வேறுதான். ஆனாலும் விளக்கு அணைந்ததும் எல்லோரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் சிரித்தார்கள். ஒரே இடத்தில் அழுதார்கள். ஊரில் ஒன்றாக உட்காராதவர்களை ஒரு கூரையின் கீழ் உட்கார வைத்தது அந்த இருட்டு.

ஊமைப்படத்துக்கு வாய் கொடுத்தவர்கள்

ஊமைப்படத்தை மௌனமாகப் பார்த்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துத் தியேட்டரில் இரைச்சல் அதிகம்! திரைக்கு அருகே வாத்தியம் வாசிப்பார்கள். சண்டைக் காட்சி வந்தால் வாசிப்பு வேகமாகும். சோகக் காட்சி வந்தால் மெதுவாகும்.

இடையிடையே திரையில் எழுத்துக்கள் வரும். படிக்கத் தெரிந்தவர்கள் அப்போது மிகக் குறைவு. ஆகவே திரையருகே ஓர் ஆள் நின்று உரத்த குரலில் கதை சொல்வார். "இதோ வருகிறான் துஷ்டன்! கதாநாயகியைக் கடத்தப் போகிறான்!" என்பது போலப் பேசுவார். ஒரே படம், சொல்லுகிறவர் வாயைப் பொறுத்து நன்றாகவும் இருக்கும், சப்பென்றும் இருக்கும். நல்ல குரல் உள்ளவருக்காகவே கூட்டம் வந்ததும் உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் சினிமா ஒதுக்கவில்லை. பத்திரிகை படிக்கத் தெரியாதவர்களும் படம் பார்த்து உலகத்தைத் தெரிந்துகொண்டார்கள். இங்கிலாந்தின் தெருவையும் அமெரிக்காவின் ரெயிலையும் பனி பெய்வதையும் நம் ஜனங்கள் முதலில் பார்த்தது இந்தத் திரையில்தான்.

தியேட்டர் கொண்டுவந்த மின்சாரம்

வின்சென்ட்டின் இன்னொரு சாதனையும் உண்டு.

கோயம்புத்தூருக்கு நீர்மின்சாரம் தந்தது நீலகிரியில் உள்ள பைக்காரா மின் நிலையம். அது வேலை செய்யத் தொடங்கியது 1932-ல். வெரைட்டி ஹாலோ அதற்கு 18 ஆண்டுகள் முன்பே கட்டப்பட்டது. படம் காட்ட மின்சாரம் வேண்டுமே! வின்சென்ட் சொந்தமாக யந்திரம் வைத்து மின்சாரம் உண்டாக்கினார். அந்த மின்சாரத்தைக் கொண்டு அச்சுக்கூடமும் நடத்தினார். தெருவெல்லாம் எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் ஒரு கட்டிடம் மட்டும் ஜோதியாக நின்றால் எப்படி இருக்கும்! படம் பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேர் மின்சார விளக்கையே அங்கேதான் முதலில் பார்த்திருப்பார்கள்.

தியேட்டர் இருந்த தெருவுக்கு 'வெரைட்டி ஹால் ரோடு' என்றே பெயர் ஏற்பட்டது. ராஜாக்களின் பெயரும் கவர்னர்களின் பெயரும் தெருவுக்கு வைப்பது வழக்கம். ஒரு சினிமாத் தியேட்டர் தெருவுக்கே பெயர் கொடுத்தது அபூர்வம்!

ஊமை பேசியது

1931 அக்டோபர் 31-ந் தேதி, தமிழ்ப் பேச்சும் பாட்டும் கொண்ட முதல் படமான 'காளிதாஸ்' சென்னையில் வெளிவந்தது. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. ஊமைப்படத்தின் காலம் முடிந்தது. திரையருகே நின்று கதை சொன்னவருக்கு வேலை போயிற்று. வாத்தியக்காரர்களுக்கும் வேலை போயிற்று.

பல பழைய தொழிலதிபர்கள் இந்த மாறுதலில் அடிபட்டுப் போனார்கள். வின்சென்ட் அப்படிப் போகவில்லை. படம் காட்டியவர் படம் எடுப்பவர் ஆனார்! கல்கத்தாவின் பயோனியர் ஸ்டூடியோவோடு சேர்ந்து 1933-ல் 'வள்ளி திருமணம்' படத்தை உருவாக்கினார். அதிலும் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமிதான். முருகனும் வள்ளியும் தமிழ் பேசிப் பாடுவதைக் கேட்க ஜனங்கள் அலைமோதினார்கள்.

படம் எடுக்கக் கல்கத்தாவுக்குப் போவானேன், நம் ஊரிலேயே எடுத்தால் என்ன என்ற எண்ணம் அடுத்து வந்தது. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களில் வின்சென்ட்டும் ஒருவர். எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' அங்கே எடுக்கப்பட்ட படம். 1944-ல் வெளிவந்த அந்தப் படம் சென்னை பிராட்வே தியேட்டரில் நூறு வாரங்களுக்கு மேல் ஓடியது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான 'ராஜகுமாரி'யும் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானதுதான். அது வெளிவந்த ஆண்டு 1947.

அந்த வெற்றிகளைப் பார்க்க வின்சென்ட் இல்லை. 1942-ல் அவர் காலமானார். வயது 59. அவருடைய வெரைட்டி ஹால் பிற்காலத்தில் 'டிலைட் தியேட்டர்' என்று பெயர் மாறித் தொடர்ந்து நடந்தது.

நம் ஊர்க் கொட்டகை

நகரத்தில் மாளிகை எழும்பியது. ஆனால் பட்டிதொட்டிகளுக்குச் சினிமாவைக் கொண்டு போனது எது? வின்சென்ட் விட்டுவிட்டு வந்த அதே கூடாரம்தான்! அதுவே டூரிங் டாக்கீஸ் ஆயிற்று.

பெரம்பலூர், அரியலூர் பகுதியில் இன்று அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து விடும். கீற்றுக் கொட்டகை. தரையில் ஆற்று மணல். நடுவே தடுப்பு; ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி. உட்கார்ந்ததும் மணலைக் குவித்துச் சிம்மாசனம் கட்டிக்கொள்வார்கள். பின்னால் இருப்பவர் சும்மா இருப்பாரா? "தலையைக் குனி!" என்று சத்தம் போடுவார்.

பொழுது சாயும்போது கொட்டகையின் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்கும். வயல் வேலையில் இருப்பவர்களுக்கு அதுதான் கடிகாரம். குறிப்பிட்ட ஒரு பாட்டு வந்தால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் புறப்படுவார்கள். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில் வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள்.

கொட்டகையில் படம் காட்டும் யந்திரம் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். ஒரு சுருள் முடிந்தால் அடுத்த சுருளை மாட்ட வேண்டும். அதற்காகப் படத்தை நிறுத்துவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை! முறுக்கு விற்பவருக்கும் சோடா விற்பவருக்கும் அதில்தான் வியாபாரம்.

கீற்றுக் கொட்டகையில் ஆபத்தும் இருந்தது. 1979-ம் ஆண்டு தூத்துக்குடியில் ஒரு சினிமாக் கொட்டகை தீப்பிடித்து எரிந்து, பெண்களும் குழந்தைகளுமாக ஏராளமானவர்கள் இறந்து போனார்கள். படம் காட்டும் இடத்துக்கு எத்தனை வாசல் வேண்டும், கூரை எப்படி இருக்க வேண்டும், யந்திர அறை எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் சர்க்கார் விதிகள் வைத்திருப்பது வீணுக்கல்ல. கல் கட்டிடம் என்பது சொகுசு மட்டும் அல்ல. அது உயிருக்குப் பாதுகாப்பு.

மாளிகைகள் ஏன் விழுந்தன?

1952-ல் மதுரையில் தங்கம் தியேட்டர் திறக்கப்பட்டது. முதல் படம் 'பராசக்தி'. ஒரே சமயத்தில் 2,563 பேர் உட்கார்ந்து பார்க்கலாம்! ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் பெருமையடித்துக் கொண்டார்கள். ஆனால் அந்தத் தங்கம் இன்று இல்லை. சென்னையில் கெயிட்டி இல்லை. கோவையில் வெரைட்டி ஹாலாகப் பிறந்து டிலைட்டாக வாழ்ந்த கட்டிடமும், நூறு ஆண்டுகளைக் கடந்து நின்ற பிறகு, சமீப ஆண்டுகளில் இடிக்கப்பட்டு விட்டது.

யாரைக் குற்றம் சொல்வது?

1975-ல் சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. பிறகு வீடுதோறும் கேபிள் வந்தது. பிறகு கைக்குள்ளேயே படம் வந்துவிட்டது. ஆயிரம் பேர் உட்காரும் தியேட்டரில் நூறு பேர் உட்கார்ந்தால் மின்சாரக் கட்டணத்துக்குக் கூடப் பணம் வராது. படச்சுருள் போய்க் கம்ப்யூட்டர் முறை வந்தது. புதிய யந்திரம் வாங்கப் பணம் வேண்டும். அதே சமயம் நகரத்தின் நடுவே இருக்கும் நிலத்தின் விலையோ வானத்தைத் தொடுகிறது. சொந்தக்காரர் எத்தனை நாள் நஷ்டத்தைத் தாங்குவார்? தமிழ்நாடு முழுவதும் பழைய தியேட்டர்கள் பல கல்யாண மண்டபமாகவும் கிடங்காகவும் கடைவீதியாகவும் மாறின. சில இடிந்தே போயின.

சொந்தக்காரர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பத்து ஆண்டுகளாக அந்தப் பக்கம் எட்டிப் பாராமல், இடிக்கும் செய்தி வந்ததும் "ஐயோ!" என்று சொல்வது நம் வழக்கம்.

பிழைத்த கட்டிடம்

ஆனால் ஒரு கட்டிடம் பிழைத்தது! அதுதான் விசித்திரம்.

1913-ல் சென்னையில் தோன்றிய எலெக்ட்ரிக் தியேட்டர் நீண்ட நாள் நடக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1915-ல், படம் நின்றது. தபால் இலாகா அந்த இடத்தை வாங்கியது. இன்றைக்கும் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் அந்தப் பழைய கட்டிடத்தைப் பார்க்கலாம். தபால்தலை சேகரிப்பவர்களுக்கான அலுவலகமாக அது பயன்பட்டு வந்திருக்கிறது.

நூறு ஆண்டு ஓடிய தியேட்டர் போயிற்று. இரண்டு ஆண்டு ஓடிய தியேட்டர் நிற்கிறது! காரணம் என்ன? அதற்கு வேறொரு வேலை கிடைத்தது. தினமும் கதவைத் திறக்கவும், பெருக்கவும், ஒழுகினால் ஓடு மாற்றவும் ஆட்கள் இருந்தார்கள்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்கு அருகே, கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் அங்கே கோயிலும் கட்டினான், அரண்மனையும் கட்டினான். இரண்டும் ஒரே காலத்தவை. கோயில் கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. அரண்மனை எங்கே? மாளிகைமேட்டில் தோண்டிப் பார்த்தபோது செங்கல் அடித்தளம்தான் கிடைத்தது. கோயில் கல்லால் ஆனது, அரண்மனை செங்கல்லால் ஆனது என்பது ஒரு காரணம். ஆனால் கல்லும் தானாகப் பிழைப்பதில்லை. அதே கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துத்தானே 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள்! கருவறையில் விளக்கு எரிந்தது. வழிபட ஜனங்கள் இருந்தார்கள். கோயில் தப்பியது. மதிலுக்குக் கேட்பார் இல்லை. மதில் போயிற்று.

கோயிலுக்குப் பொருந்துவது கொட்டகைக்கும் பொருந்தும். உபயோகம் உள்ள கட்டிடம் நிற்கும். உபயோகம் போன கட்டிடம், எவ்வளவு பெருமை உள்ளதாக இருந்தாலும், விழும்.

நாம் செய்யக்கூடியது

எல்லாத் தியேட்டரையும் காப்பாற்ற முடியாது. அது நடக்கிற காரியம் அல்ல. ஆனால் மூடிக் கிடக்கும் ஒரு பழைய தியேட்டரை இடிப்பதற்கு முன் அதற்கு வேறு வேலை உண்டா என்று ஊரார் யோசிக்கலாம். நூல் நிலையம் ஆகலாம். நாடக மேடை ஆகலாம். பிள்ளைகள் விளையாட உள்ளரங்கம் ஆகலாம். உயரமான கூரையும் பெரிய கூடமும் இனி யார் கட்டித் தரப் போகிறார்கள்?

அதுவும் முடியாவிட்டால், செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. உங்கள் ஊரில் முன்பு இருந்த தியேட்டர் எது, கொட்டகை எது, எங்கே இருந்தது, என்ன படம் ஓடியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பழைய டிக்கெட்டோ, நோட்டீசோ, போட்டோவோ பெட்டிக்குள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். யந்திரம் ஓட்டிய ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், மாட்டு வண்டியில் தட்டி கட்டித் தண்டோரா போட்டு விளம்பரம் செய்தவர் ஆகியோர் இருக்கும்போதே கேளுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது.

கோவையில் கட்டிடம் போய்விட்டது. ஆனால் வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் மட்டும் நிற்கிறது. அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்களும், நடந்து போகிறவர்களும் தினமும் அந்தப் பெயரைச் சொல்லுகிறார்கள். பெயருக்கும் ஓர் உபயோகம் இருக்கிறது. ஆகவே அது பிழைத்திருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு குழந்தை கேட்டால், பதில் சொல்ல யாராவது ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா?